ஒரு பொறி, பன்னிரண்டு காம்பிரா

கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறி ஆயிரம் பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. தீபாவளிக் காலையில் அது பிள்ளையின் புறங்கையில் விழுகிறது, பிள்ளை சிரிக்கிறது. எரிந்து முடிந்த கம்பியை இஸ்தோப்பில் போட்டுவிட்டு எல்லோரும் அடுத்த வெடிக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பியை மிதிக்கும் பிள்ளைக்குப் பாதம் வெந்துபோகிறது. கம்பியின் சூடு பொறியின் சூட்டைவிடக் குறைவு. பிறகு ஏன் இது சுட்டது, அது சுடவில்லை?

பொறி என்பது ஒரு மில்லிகிராம்கூட இல்லாத இரும்புத் துகள். ஆயிரம் பாகையிலும் அதற்குள் ஏறத்தாழ அரை யூல் சக்திதான் அடங்கியிருக்கும். தோலைத் தொட்டதும் அது தீர்ந்துபோகிறது. ஐந்து கிராம் கம்பியோ 600 பாகைக்கு இறங்கிய பிறகும் ஆயிரத்து ஐந்நூறு யூலைத் தன்னுள் வைத்திருக்கிறது. மூவாயிரம் மடங்கு! ஆகவே மத்தாப்பு பிடிக்கும் வீட்டில் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டியது பொறிக்காக அன்று, கம்பிக்காக.

ஈர்க்கு வாணம் வேறு சாதி. மேலே போனது வெடித்துவிட்டு, கனன்றுகொண்டிருக்கும் அட்டைக் குழலோடும் ஈர்க்கோடும் கீழே வரும். எங்கே வரும் என்பது விட்டவர் கையில் இல்லை. தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில் காற்று கீழிருந்து மேலே ஏறும், திடீரென்று பக்கவாட்டில் திரும்பும். கீழ் லயத்தில் விட்ட வாணம் மேல் லயத்தின் கூரையில் போய் இருப்பது தோட்டத்தில் யாருக்கும் புதினமில்லை.

உயரத்துக்கும் வெடிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் இரசப் பாரமானி 30 அங்குலத்தில் நின்றால் இங்கே 24 அங்குலத்தில் நிற்கும். ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சீனவெடி இங்கே மந்தமாக வெடிக்குமா? வெடிக்காது. வெடிமருந்து தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே கொண்டுவருகிறது. கரிமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு, அதாவது பொற்றாசியம் நைத்திரேற்று; மிச்சம் கரியும் கந்தகமும். எரியும்போது ஒட்சிசனை விடுவிப்பது அந்த உப்புத்தான். எரியும் வெடியை மண்ணைப் போட்டு மூடி அணைக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

ஆனால் திரி கதை வேறு. 1855-இல் மிச்சல் என்ற பிரித்தானியப் படை அலுவலர், இந்தியாவில் வெவ்வேறு உயரங்களில் பீரங்கிக் குண்டுகளின் திரிகளை எரித்துப் பார்த்தார். மேலே போகப் போகத் திரி மெதுவாக எரிந்தது. 30 விநாடியில் எரிந்து முடிய வேண்டிய திரி, பாரமானி ஓர் அங்குலம் இறங்கினால் ஒரு விநாடி கூடுதலாக எடுத்தது. 1859-இல் எட்வர்ட் பிராங்லண்ட் என்ற வேதியியலாளர் மெழுகுவர்த்திகளை மோன் பிளாங் சிகரத்துக்கே கொண்டுபோய் எரித்தார். வெளிச்சம் மங்கியது, ஆனால் மெழுகு கரையும் வேகம் அடிவாரத்தில் இருந்ததுபோலவே இருந்தது. மெழுகுவர்த்தி உயரத்தைப் பொருட்படுத்தவில்லை, திரி பொருட்படுத்தியது. பீரங்கித் திரியும் சீனவெடித் திரியும் ஒன்றல்ல. இருந்தாலும் மிச்சலின் கணக்கை அப்படியே நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் 30 விநாடித் திரி 36 விநாடி எடுக்கும். "அணைஞ்சு போச்சு போல" என்று குனிந்து பார்க்கும் பையனுக்கு அந்தப் பிசகு போதும். ஒவ்வோர் ஏப்ரலிலும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு பட்டாசு பற்றி எச்சரிக்கை விடுவது இப்படியான விரல்களையும் கண்களையும் பார்த்துச் சலித்த பிறகுதான்.

கையில் படும் காயத்தை விடுவோம். கூரையில் விழுந்த வாணத்துக்கு வருவோம்.

தகரம் எரியாது. பூசிய நாகம் 420 பாகையில் உருகும். உள்ளேயிருக்கும் உருக்கு உருக ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். வாணக்குழல் தகரத்தின் நடுவில் விழுந்தால் அங்கேயே கருகி அணைந்துவிடும். ஆபத்து தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் இருக்கிறது. அந்தச் சந்துக்கு அப்பால் அடுப்புக்கு மேலே பரண். பரணில் கவ்வாத்து மிலாறு மாதக்கணக்காகப் புகையில் காய்ந்து கிடக்கும். கைமரத்தில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த புகைக்கரி. மரம் தீப்பற்ற ஏறத்தாழ 250, 300 பாகை வேண்டும் என்பார்கள். ஆனால் அது கட்டை மரத்துக்கான கணக்கு. ஒட்டடைக்கும் சுள்ளிக்கும் பருமன் கிடையாது. வாங்கிய சூட்டை உள்ளே அனுப்ப இடமில்லாததால் மேற்பரப்பு சட்டென்று பற்றிக்கொள்ளும். தீபாவளி பெரும்பாலும் மழைக்காலத்தில் வந்து நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. தைப்பொங்கலும் மாசியில் காமனை எரிக்கும் இரவும் அப்படியல்ல. மானாப்புல் காய்ந்து நிற்கும் நாட்கள் அவை.

இனி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் அமைப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் அறைகள், அதாவது காம்பிராக்கள், ஒரே வரிசையில். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையில். மேலே தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே கூரை. பழைய லயங்கள் பலவற்றில் காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்பது அதனால்தான். குரல் போகும் வழியே புகையும் போகும்.

ஓர் அறையில் தீ மூண்டதும் சூடான வாயு மேலே எழுந்து கூரையை முட்டிப் பக்கவாட்டில் பரவுகிறது. ஓலைக்கூரை என்றால் அது எரிந்து ஓட்டையாகி, தீ வானத்தை நோக்கிப் போய்விடும். தகரம் ஓட்டையாகாது. பற்றாத கூரை என்று நாம் மெச்சும் அதே தகரம் சூட்டை அடைத்து வைத்துப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது. கூரைக்குக் கீழே வாயுவின் வெப்பநிலை 600 பாகையை நெருங்கும்போது ஒரு விந்தை நடக்கிறது. தீ தொடாத நாற்காலியும் மெத்தையும் துணியும் மேலிருந்து இறங்கும் வெப்பக் கதிரால் மட்டுமே ஒரே நேரத்தில் பற்றுகின்றன. 'அறையில் தீ' என்பது 'தீயாகிய அறை' ஆகிவிடும் கணம் இது. பாயும் கம்பளியும் இருந்த காலத்தில் அதற்கு நேரம் பிடித்தது. ஸ்பொஞ் மெத்தையும் பிளாஸ்டிக் கதிரையும் வந்த பிறகு சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் தகரத்தைப் பிரித்து நடுவில் ஒரு வெளியை உண்டாக்கினால் மிச்சக் காம்பிராக்கள் பிழைக்கும். நுவரெலியா மாநகர சபையிடம் தீயணைப்பு வண்டி இருக்கிறது என்பது உண்மை. தோட்டத்து வீதியில் அது வளைந்து வளைந்து வந்து சேரும்வரை பீலித் தண்ணீரும் பக்கத்து லயத்து ஆட்களும்தான் தீயணைப்புப் படை.

பட்டாசைவிட மின்னொழுக்கும் அடுப்பும் கூடுதலான லயங்களை எரித்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை, அக்கரபத்தனை என்று பெயர் மாறும். பத்திரிகைச் செய்தி மாறாது. இத்தனை காம்பிராக்கள் முற்றாகச் சேதம், இத்தனை குடும்பங்கள் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கொழுந்து மடுவத்திலோ தங்கவைப்பு. தீக்கு முதற்பொறியைக் கொடுத்தது எது என்பதைவிட, அது ஏன் ஒரு வீட்டோடு நிற்கவில்லை என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

இந்தக் கேள்வியை இலண்டன் 1666-இல் கேட்டது. செப்டெம்பர் 2-ஆம் நாள் புடிங் லேன் என்ற தெருவில் ஒரு பேக்கரியில் மூண்ட தீ ஏறத்தாழ 13,200 வீடுகளைத் தின்றது. கடைசியில் அதை மறிக்க வெடிமருந்து வைத்து வீடுகளைத் தகர்த்து வெளி உண்டாக்கினார்கள். வெடிமருந்து நகரத்தைக் காப்பாற்றிய அபூர்வ வேளை அது. அந்தச் சாம்பலிலிருந்துதான் இங்கிலாந்தில் வீட்டுக் காப்புறுதி பிறந்தது. நிக்கலஸ் பார்பன் என்ற மருத்துவர், வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கியவர், 1680-ஐ ஒட்டித் தீக் காப்புறுதி அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் இரண்டரை வீதம், மர வீட்டுக்கு ஐந்து வீதம். ஆபத்து இரட்டிப்பானால் கட்டணமும் இரட்டிப்பு. காப்புறுதி செய்த வீடு எரிந்தால் பணம் போவது தங்கள் பெட்டியிலிருந்து என்பதால் இந்த அலுவலகங்கள் தாங்களே தீயணைப்புப் படைகளையும் வைத்துக்கொண்டன. 1707-இல் வந்த சட்டம் இன்னும் நுட்பமானது: ஒட்டிய வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையோடு நிற்கக்கூடாது, கூரையைத் தாண்டி 18 அங்குலம் மேலே எழும்ப வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டின் துரைமார் இலங்கை மலைகளில் லயம் கட்டினார்கள். அந்தச் சுவர் கூரையைத் தாண்டுவது இருக்கட்டும், பல இடங்களில் கூரையைத் தொடவே இல்லை. அறியாமையால் என்று சொல்ல முடியாது.

அந்தச் சுவரின் பெறுமதியைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக நானே வைத்த எண்கள். ஒரு வீட்டில் ஓர் ஆண்டில் தீ மூளும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று கொள்வோம். தனி வீட்டுக்காரரின் பொருட்கள் ஐந்து லட்சம் ரூபாய் பெறுமதியானவை என்றால், காப்புறுதிக் கம்பனிக்கு அவரால் வரக்கூடிய சராசரி நட்டம் ஆண்டுக்கு 500 ரூபாய். இதே மனிதர் பன்னிரண்டு காம்பிரா லயத்தில், நடுச்சுவர் முழுமையாக இல்லாத இடத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மற்றப் பதினொரு வீட்டு அடுப்புகளும் விளக்குகளும் வாணங்களும் அவருடைய ஆபத்துத்தான். எங்கே மூண்டாலும் எல்லாம் எரியும் என்றால் அவருக்குரிய வாய்ப்பு ஆயிரத்தில் பன்னிரண்டு. நட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய். லயம் முழுவதற்கும் 72,000. சுவர் மட்டும் கூரையைத் தாண்டி எழுந்து தீயை மறித்தால் 6,000. மிச்சம் 66,000 ரூபாய், ஒவ்வோர் ஆண்டும், பதினொரு சுவருக்கு. உண்மையில் எல்லாத் தீயும் எல்லா வீட்டையும் எரிப்பதில்லை, எல்லாச் சுவரும் தீயை மறிப்பதுமில்லை. எண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். திசை மாறாது.

கம்பனிக்கு இன்னொரு தலைவலியும் இருக்கிறது. யாக்கோப் பெர்னூலியின் பெயரால் அறியப்படும் பேரெண் விதி காப்புறுதியின் அடித்தளம்: ஒன்றையொன்று தொடாத பல சின்ன ஆபத்துகளைச் சேர்த்தால் மொத்தம் சராசரியை ஒட்டி வரும். சிதறிக் கிடக்கும் ஆயிரம் தனி வீடுகளை எடுத்தாலும், லயங்களாக ஒட்டிய ஆயிரம் காம்பிராக்களை எடுத்தாலும், தீயே மூளாமல் ஓர் ஆண்டு கழியும் வாய்ப்பு ஒன்றுதான். மேற்சொன்ன கணக்கில் 37 வீதம். மூண்டால் மட்டும் முதல் இடத்தில் ஒரு வீடு, இரண்டாம் இடத்தில் பன்னிரண்டு. 'ஒன்றையொன்று தொடாத' என்ற நிபந்தனை லயத்தில் முறிந்துபோகிறது.

சரி, காப்புறுதிப் பத்திரம் ஒன்று கையில் இருக்கிறது, வாணம் விழுந்து வீடு எரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நட்டஈடு கிடைக்குமா? இலங்கையில் இதற்கு விடை தேட ஆங்கிலேயரின் வழக்குகளுக்குப் போக வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிரித்தானியர் காலத்துக் குடியியல் சட்டக் கட்டளை, ஆயுட் காப்புறுதிக்கும் தீக் காப்புறுதிக்கும் இங்கிலாந்தின் சட்டமே இங்கும் என்று விதித்தது.

முதலில், எரிந்ததா வெடித்ததா என்று பார்ப்பார்கள். 1865-இல் எவரெட் என்பவர் ஒரு காப்புறுதிக் கம்பனிமீது வழக்குப் போட்டார். தொலைவிலிருந்த வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்ததில் அவர் வீட்டு யன்னல்கள் நொறுங்கின. தீயால்தானே வந்தது என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. யன்னலை உடைத்தது காற்றின் அதிர்ச்சி. தீ அங்கே வரவே இல்லை. வெறும் தீப் பத்திரத்துக்கு இன்றும் இதுதான் நிலை. வெடியிலிருந்து தீ மூண்டு திரைச்சீலை எரிந்தால் அது தீ. வெடி அதிர்ந்து கூரைத்தகடு பிளந்தால் அது வெடிப்பு; 'வெடிப்பு' என்ற சேர்க்கை தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 2016 ஜூன் 5-இல் கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கு வெடித்தபோது சுற்றுப்புற வீடுகள் பல நொறுங்கின. தங்கள் பத்திரத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் சிலர் தேடிப் பார்த்திருப்பார்கள்.

அடுத்து, தற்செயலா? இங்கே சட்டம் நாம் நினைப்பதைவிட இரக்கமானது. ஹாரிஸ் என்ற பெண் திருடருக்குப் பயந்து தன் நகைகளை அடுப்புக் கிராதியில் நிலக்கரிக்கு அடியில் ஒளித்துவைத்தார். திரும்பி வந்தவர் மறந்துபோய் அதே அடுப்பை மூட்டினார். 1941-இல் தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்தது: எரிய வேண்டிய இடத்தில் எரிந்த தீதான், ஆனாலும் நகை அதற்குள் எரிய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கவனக்குறைவுக்கும் சேர்த்துத்தான் காப்புறுதி. கவனமாகவே இருப்பவருக்கு அது எதற்கு? மகன் விட்ட வாணம் சொந்தக் கூரையை எரித்தால் அதையே காரணமாகச் சொல்லிக் கம்பனி நழுவிவிட முடியாது. வேண்டுமென்று வைத்த தீக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. இடையில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. தீபாவளிச் சில்லறை வியாபாரத்துக்காக ஒரு சாக்குப் பட்டாசை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, அதைக் கம்பனியிடம் சொல்லாமலும் இருந்தால், உண்மையை மறைத்ததற்காகப் பத்திரமே செல்லாமற் போகலாம்.

என் வாணத்தால் பக்கத்து வீடு எரிந்தால்? என் தீப் பத்திரம் என் வீட்டுக்கு மட்டும். அயலாருக்கு நான் கொடுக்க வேண்டியதை ஏற்க 'மூன்றாம் தரப்புப் பொறுப்பு' என்ற பகுதி அதில் இருக்க வேண்டும். எல்லோரும் அயலாராக இருக்கும் லயத்தில் அந்தப் பகுதிதான் பத்திரத்தின் பெரும்பகுதி.

கடைசிக் கேள்வி, எரிந்தது யாருடையது என்பது. வட அயர்லாந்தில் கிலிமூன் என்ற தோட்டத்தின் சொந்தக்காரர் மக்காரா. தோட்டத்து மரத்தைத் தன் சொந்தக் கம்பனிக்கே விற்றார். காப்புறுதியைத் தன் பெயரில் வைத்திருந்தார். மரம் எரிந்தது. 1925-இல் பிரபுக்கள் சபை அவருக்குச் சல்லிக்காசு இல்லை என்றது. மரம் கம்பனியுடையது, அவருடையதன்று. அவருக்குக் காப்புறுதித்தகு உரித்து இல்லை. தனக்கு நட்டம் வராத பொருளுக்குக் காப்புறுதி செய்தால் அது சூதாட்டம் என்பதே இந்த விதியின் நியாயம். நியாயமான விதிதான். அதை மலைநாட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்து, பின் 53 ஆண்டுக் குத்தகையானது. நிலம் அரசினுடையது, கட்டடம் குத்தகைக்காரரின் பொறுப்பில். பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்று, பின்னால் ஒரு குசினியும் முன்னால் சீமெந்து இஸ்தோப்பும் சொந்தச் செலவில் இழுத்துக் கட்டியவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அவர் தன் தளபாடத்துக்கும் துணிமணிக்கும் காப்புறுதி எடுக்கச் சட்டத்தில் தடையில்லை. சுவருக்கும் கூரைக்கும் என்று வரும்போது விண்ணப்பத்திலேயே சிக்கிக்கொள்கிறார்.

அரசு பக்கம் போனால், தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016 ஏப்ரலில் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் வரை. குடும்பம் ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. சூறாவளி, வெள்ளம், மண்சரிவு எல்லாம் அதில் இருந்தன. மீரியபெத்தையை 2014-இல் மண் மூடியதைப் பார்த்த மலைநாட்டுக்கு இது நல்ல செய்தி. ஆனால் மத்தாப்பும் மின்னொழுக்கும் இயற்கையின் கணக்கில் வரமாட்டா. அதே லயத்தின் ஒரு கோடி மண்ணில் புதைந்தால் ஒரு விதி, மறு கோடி தீயில் எரிந்தால் வேறு விதி. கலவரக்காரன் வைத்த தீக்கு மூன்றாவது விதி: சாதாரணத் தீப் பத்திரம் அதை ஏற்காது, வேலைநிறுத்தம், கலகம், குடியியற் குழப்பம் இவற்றுக்கென்றே 1987-இல் அரசு ஒரு தனி நிதியத்தை உண்டாக்கியது. 1977-இலும் 1983-இலும் கலவரத்தைக் கண்ட ஊர்களுக்கு அந்த நிதியத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இரசாயனத்துக்கு எல்லாம் ஒரே தீ. யார் கையிலிருந்து வந்தது என்று பார்ப்பது பத்திரம் மட்டுமே.

எரிந்த காம்பிராவில் ஆட்கள் முதலில் தேடுவது நகையை. பத்தரைமாற்றுத் தங்கம் உருக 1,064 பாகை வேண்டும். வீட்டுத் தீ அந்த எல்லையைத் தொடுவது அரிது என்பதால் சாம்பலைச் சலித்தால் கறுத்த சங்கிலியாவது கிடைக்கக்கூடும். கிடைக்காதது காகிதம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம். 1948-இல் பறிபோன குடியுரிமை 2003 வரை பல சட்டங்களாகவும் ஒப்பந்தங்களாகவும் திரும்பி வந்த சமூகத்தில் அந்தக் காகிதத்துக்கு விலை போட எந்த மதிப்பீட்டாளரிடமும் பட்டியல் கிடையாது. தகரப்பெட்டி தகரக்கூரையைப் போலத்தான்: தான் எரியாது, உள்ளேயுள்ளதை வாட்டிவிடும். எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து நகரத்திலிருக்கும் உறவினருக்கு அனுப்பிவைப்பது, செலவே இல்லாத காப்புறுதி.

புதிய வீடுகள் இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் மாற்றுகின்றன. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள். 2017 மே 12-இல் நோர்வூட்டில் நரேந்திர மோடி அறிவித்த மேலும் 10,000. ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடு. தீ தாவ வழியில்லாத இடைவெளி அந்த ஏழு பேர்ச்சுக்குள் இருக்கிறது. காணி உறுதி கையில் வந்துவிட்டால் உரித்தும் வந்துவிடும். வீட்டின் பெயரால் காப்புறுதி கேட்கலாம். கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 40 லட்சம் பெறுமதியான வீட்டைக் கட்டணம் குறையட்டும் என்று 20 லட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 10 லட்சம் சேதத்துக்கு 10 லட்சம் வராது. பாதிக்குக் காப்புறுதி செய்தவருக்குச் சேதத்திலும் பாதி, 5 லட்சம்தான். சராசரி விதி என்பார்கள். பலர் எரிந்த பிறகு கேள்விப்படும் விதி இது.

லயத்தில் இருப்பவர்கள் வீடு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் புதிதல்ல. மாதம் ஒரு தொகை போடுகிறார்கள், இழவு விழுந்த வீட்டுக்குச் செலவைக் கொடுக்கிறார்கள். பார்பனுக்குப் போட்டியாக இலண்டனில் 1696-இல் தொடங்கிய 'ஹேண்ட் இன் ஹேண்ட்' சங்கமும் இப்படி உறுப்பினரே ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்த தீச் சங்கந்தான். ஆனால் ஒரு லயத்துக்குள்ளேயே ஒரு தீச் சங்கம் அமைத்தால் அது உதவாது. எரியும் நாளில் கொடுக்க வேண்டியவர்களும் வாங்க வேண்டியவர்களும் ஒரே ஆட்கள். நூறு தோட்டங்களில், ஒவ்வொன்றிலும் பல லயங்கள் சேர்ந்தால் கணக்கு நிமிரும். தளபாடத்துக்கு மட்டும் ஒரு குழுப் பத்திரம், நூறு தோட்டங்களின் பெயரில், கட்டணம் சம்பளத்தில் பிடித்தம்: எந்தக் காப்புறுதிக் கம்பனியும் விலை சொல்லக்கூடிய பண்டம் இது. விலை சொல்ல அவர்கள் முதலில் கேட்பது ஒரு பட்டியல். எந்தத் தோட்டத்தில் எத்தனை லயம், எத்தனை காம்பிரா, எதில் நடுச்சுவர் கூரையைத் தொடுகிறது, கடந்த இருபது ஆண்டுகளில் எதில் எப்போது தீ, எத்தனை காம்பிராவோடு நின்றது. தோட்டக் காரியாலயத்தின் பழைய பதிவேடுகளிலும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கைகளிலும் பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகங்களிலும் தேடினால் அதில் பெரும்பகுதி திரளும். தொழிற்சங்கம் ஒன்று இரண்டு இளைஞர்களை ஒரு பருவத்துக்கு இந்த வேலையில் போட்டால் போதும். நடுச்சுவரை அளக்க ஏணியும் அளவுநாடாவும் வேண்டும்.